கடைமடையின் நான்காம் வருடம்

ஜனவரி 8

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிற நிலத்தைச் செத்துப்போனது என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாய். நீ செய்த தப்பு இதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நேற்றுக் காலையில் மதகுக் கொட்டகையின் கதவில் உங்கள் அலுவலகத்து அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மதகுக்காரர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் நான்தான் சத்தமாகப் படித்தேன். வாய்க்காலின் கோடியில், கடைமடையில் இருக்கும் நம்முடைய பதினொரு வயல்களும் 'பயன்பாட்டில் இல்லாத நிலம்'. ஆகவே மார்ச் முதல் தேதி கீழ்மதகை நிரந்தரமாக மூடிவிடுவார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு தானியக் கிடங்கு கட்டுவார்கள். எதற்குக் கிடங்கு என்றும் போட்டிருக்கிறது. இந்தப் பகுதியின் விளைச்சல் இங்கே இருப்பவர்களுக்குப் போதவில்லையாம். வெளியிலிருந்து வரும் தானியத்தை வைக்க இடம் வேண்டுமாம்.

இதை இரண்டு தடவை படித்தேன். விளைகிற நிலத்தை விளையாதது என்று எழுதினீர்கள். அதனால் காகிதத்தில் விளைச்சல் குறைந்தது. காகிதத்தில் குறைந்ததை ஈடுகட்ட நிஜமான வயலின் மேல் சிமெண்டு கொட்டப் போகிறீர்கள். படித்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தால்தான் இப்படியொரு காரியம் வரும். எனக்கெல்லாம் வராது.

கடைமடை மூன்று வருடம் விளையும், நான்காம் வருடம் ஓய்வெடுக்கும். உனக்குத் தெரியாததா? ஒரு வீட்டுக்காரர் மட்டும் நிலத்தை ஆறப்போட்டால் பக்கத்து வயலின் பூச்சியெல்லாம் அங்கே வந்து குடியிருக்கும். பதினொரு பேரும் சேர்ந்து ஆறப்போட்டால் பூச்சி பட்டினியில் ஒழியும். அந்த வருடம் நம் பங்குத் தண்ணீர் தலைமடைக்காரர்களுக்குப் போகும். நம்மை நம்பியிருக்கிறவர்களுக்கு வேண்டிய பயறையும் சோளத்தையும் முந்தைய மூன்று விளைச்சலிலிருந்து எடுத்து வைத்திருப்போம். நீ பந்து விளையாடியது எந்த மைதானத்தில்? முட்டியில் தையல் போட்டுக்கொண்டது எங்கே விழுந்து? ஓய்வு வருடத்து வயலில்தானே?

போன ஏப்ரலிலிருந்து வருகிற ஏப்ரல் வரை நான்காம் வருடம். அவ்வளவுதான் விஷயம். கையெழுத்தைத் திரும்ப வாங்கு.

அக்கா

ஜனவரி 16

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான்கு வருடங்களுக்குப் பிறகு எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி என்று எழுத நினைத்தேன். கடிதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

நில வரைபடப் பிரிவின் தலைவர் என்ற முறையில் விதியைச் சொல்கிறேன். மேலேயிருந்து எடுக்கும் படம் இரண்டு பருவங்களில் பார்க்கப்படும். இரண்டிலும் பயிர் இல்லை என்றால் அளவையாளர் நேரில் வந்து காரணம் கேட்பார். காரணம் கிடைக்காவிட்டால் அந்த நிலம் பயன்பாட்டில் இல்லாததாக எழுதப்படும். உங்கள் வயலுக்கு நேரே 'உரிமையாளர் தகவல் தரவில்லை' என்று இருக்கிறது. மற்ற பத்து வயல்களுக்கு நேரேயும் அப்படித்தான் இருக்கிறது. ஓய்வு நிலம் என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. இருந்திருந்தாலும் யாராவது சொன்னால்தானே நிரப்ப முடியும்?

ஆட்சேபணையைப் பிப்ரவரி 26 அன்று நடக்கும் கூட்டத்தில் எவரும் தெரிவிக்கலாம்.

கடைசியாக, அலுவலகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று. உங்களுக்கு அறுபத்தேழு வயது. முறிந்து ஒட்டிய கால். இழப்பீடு நியாயமாகவே கிடைக்கும். என் வீட்டில் கீழ்த்தளத்து அறை காலியாகத்தான் இருக்கிறது. 'இனி இந்தப் பக்கம் வராதே' என்று என்னிடம் சொன்னவர் நீங்கள். நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

தங்கள் தம்பி

ஜனவரி 22

தம்பிக்கு,

என்னை எப்போதிலிருந்து 'நீங்கள்' என்று கூப்பிட ஆரம்பித்தாய்? உனக்கு மூக்குத் துடைத்துவிட்ட கைக்கு இப்போது மரியாதை வேண்டியிருக்கிறதா? உன் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். அந்த எழுத்தில்தான் இப்போது உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நீ 'நீ' என்றே எழுது. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை.

தகவல் தரவில்லையாமே. தந்தேன். அந்த அளவைக்காரப் பெண் அக்டோபரில் வந்தாள். வெயிலில் முகம் சிவந்துபோயிருந்தது. தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள்.

"மூணே மூணு கேள்விதாம்மா. இந்த வருஷம் ஏன் பயிர் வைக்கலை?"

"உங்க ஆபீசர் யாரு?"

உன்னைச் சொன்னாள்.

"அவனையே போய்க் கேளு. அவனுக்குத் தெரியும்."

"சாருக்கு எப்படிம்மா தெரியும்?"

"இந்த மண்ணுல புரண்டு வளர்ந்தவன்மா அவன். மறந்துட்டானா என்னன்னு பார்த்துட்டு வா."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மற்ற பத்து வீட்டிலும் அவள் கேட்டிருக்கிறாள். "பெரியக்காவைக் கேளுங்க, அவங்க சொல்லுவாங்க" என்று எல்லோரும் என்னைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தண்ணீர் முறை பார்க்கிறவள் நான் என்பதால் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் காட்டுவார்கள். நான் உன்னைக் காட்டினேன். இதில் தகவல் எங்கே குறைந்தது?

உன் வீட்டுக் கீழ்த்தளத்து அறையைப் பற்றி. நான்கு வருடத்துக்கு முன்பு கால் முறிந்து நான் கட்டிலில் கிடந்தபோது வந்தாய். என் தலைமாட்டில் உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு வேலையாக்கா?" என்று கேட்டாய். வலி பொறுக்கலாம் என்றிருந்தது, அந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை. உன் பையைத் தூக்கி வெளியே வைக்கச் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

இந்த நாலு வருடமும் அந்தக் கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். களை எடுக்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். பதில் இதுதான். ஒருவர் நாற்காலி செய்கிறார், ஒருவர் ஊசி போடுகிறார், ஒருவர் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார், நீ வரைபடம் போடுகிறாய். இவர்கள் யாரும் காலையில் எழுந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எதை விதைக்கலாம் என்று மண்ணைக் கிளற வேண்டியதில்லை. ஏன்? அந்தக் கவலையை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் பயறை மட்டும் விளைவிக்கவில்லை. மற்ற எல்லோருடைய நேரத்தையும் விளைவிக்கிறோம். உன் பேனாவைப் பிடிக்கிற நேரமும் அதில் விளைந்ததுதான்.

நம்பிக்கை இல்லையா? உன் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் சமையல்காரரைக் கேள். பயறு எங்கே வாங்குகிறார் என்று மட்டும் கேள்.

அக்கா

பிப்ரவரி 2

அக்கா,

கேட்டேன்.

சாப்பிட்டு முடித்து, தட்டை வைக்கும் இடத்தில் நின்று கேட்டேன். "இந்தப் பயறு எங்கே வாங்குறீங்க?"

"ஏன் சார், கல்லு கிடந்துச்சா?" சமையல்காரர் பதறிவிட்டார்.

"இல்லை, சும்மாத்தான் கேட்டேன்."

"கடைமடையில ஒரு அம்மாகிட்ட. ஒரு கல்லு இருக்காது, ஒரு பொக்கு இருக்காது. ஆனா வாய் இருக்கே சார், அப்பா! போன மாசம் மூட்டையைச் சரியாக் கட்டத் தெரியலைன்னு என்னையே திட்டிட்டாங்க. நான் வாங்குறவன் சார்! வாங்குறவனைத் திட்டுற ஒரே வியாபாரி அவங்கதான்."

"எங்க அக்கா" என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான் அதே மூக்கு. பத்து வருஷமா அவங்க பயறைச் சாப்பிடுறீங்க, ஒரு நாள்கூடச் சொல்லலையே? தெரிஞ்சிருந்தா அந்தத் திட்டுல பாதியை உங்ககிட்ட தள்ளிவிட்டிருப்பேன்."

பின்னால் நின்ற எழுத்தர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? மாலையில் பொது மருத்துவமனைச் சமையல்கட்டுக்கும் போனேன். அங்கேயும் கடைமடை மூட்டை. பெரிய பள்ளிக்கூடத்திலும் அதே. போன வருடம் பாலம் உடைந்து மூன்று வாரம் வெளிச்சரக்கு வராமல் போனதே, அப்போது மருத்துவமனையில் ஒரு வேளை சாப்பாடுகூட நிற்கவில்லையாம். எப்படி என்று கேட்டேன். "கடைமடைக்காரங்க தள்ளுவண்டியில கொண்டுவந்து போட்டாங்க சார்" என்றார்கள். நீ இதை எழுதவே இல்லை.

இதுவெல்லாம் படத்தில் தெரிவதில்லை, அக்கா. படத்தில் பழுப்பாக ஒரு திட்டு. அவ்வளவுதான்.

ஒரு வழி இருக்கிறது. பிப்ரவரி 24 அன்று இன்னொரு தடவை படம் எடுப்பார்கள். சீக்கிரம் முளைக்கிற கீரை விதை எதையாவது பதினொரு வயலிலும் வீசிவிடுங்கள். கீழ்மதகை இரண்டு நாள் திறந்தால் போதும். பச்சையாகத் தெரிந்தால் நிலம் தானாகவே பயன்பாட்டுப் பட்டியலுக்கு மாறிவிடும். அறுவடைகூடச் செய்ய வேண்டாம். யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது. கூட்டத்தில் யாரும் எழுந்து பேச வேண்டியிருக்காது.

இதைச் செய்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

பிப்ரவரி 8

தம்பிக்கு,

உன் யோசனையை மதகுக் கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். உன் பெயருக்கு இழுக்கு வராமல்தான் படித்தேன்.

மூன்றாம் வயல்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், ரேடியோ. இன்னும் வாயை மூடவில்லை. "பச்சைதானே வேணும்? விதை எதுக்கு வீணா? பெயிண்ட் வாங்கி அடிச்சிடலாம்" என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. ஏழாம் வயல்காரி இந்த வருடம்தான் மகளை மேல்படிப்புக்கு அனுப்புகிறாள். அவள் எழுந்து, "பெரியக்கா, நிலமே போயிட்டா அப்புறம் பூச்சி வந்தா என்ன, வராட்டி என்ன? வீசிடலாம்" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி.

பதில் மதகுக்காரரிடமிருந்து வந்தது. "கீழ்மதகைத் தொறந்தா தலைமடையில தண்ணி குறைஞ்சிடும். அங்க இப்பத்தான் கதிர் பால் பிடிக்குது. அவங்க நமக்கு முறை மாத்திக் கொடுத்தவங்க. நான் தொறக்க மாட்டேன். தொறந்தே ஆகணும்னா என்னைத் தூக்கிப் போட்டுட்டுத் தொறங்க."

அதோடு கூட்டம் முடிந்தது. ஏழாம் வயல்காரி அழுதாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நிலத்தைப் பொய் சொல்ல வைக்க மாட்டேன். இப்போது அந்த மண்ணில் ஒரு குச்சியைக் குத்தினால் முழங்கை ஆழம் இறங்குகிறது. போன வருடம் ஒரு சாண்தான் இறங்கியது. வேரெல்லாம் மக்கிக்கொண்டிருக்கிறது, புழு ஏறியிருக்கிறது. மேலே நின்று பார்த்தால் சும்மா கிடக்கிறது. உள்ளே நடக்கிற வேலையை நீயும் நானும் சேர்ந்தாலும் செய்ய முடியாது. இதைக் கெடுத்து, பதினைந்து நாள் கீரைக்காகப் பூச்சிக்குச் சாப்பாடு போட்டு, அடுத்த மூன்று வருட விளைச்சலைக் குறைத்து, கடைசியில் உன் அறிவிப்பு சொன்னதை உண்மையாக்கவா?

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்காது என்றாய். யார் யாரைக் குறை சொல்லிவிடுவார்கள் என்று உனக்குப் பயம்?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தப் பெண் திரும்பி வந்து உன்னிடம் கேட்டாளா, கேட்கவில்லையா?

அக்கா

பிப்ரவரி 14

அக்கா,

கேட்டாள்.

என் மேஜைக்கு முன்னால் நின்று, மற்ற இருவர் கேட்கும்படியாகவே கேட்டாள். "சார், கடைமடையில ஒரு அம்மா காரணத்தை உங்ககிட்ட கேட்கச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமாம். மறந்துட்டீங்களான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

அந்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

நான் மறக்கவில்லை. அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே விரல் விட்டு எண்ணிவிட்டேன். நான்காம் வருடம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் உன் வீட்டு வாசலில் என் பையோடு நின்றதுதான் அப்போது கண்ணுக்கு வந்தது. கால் முறிந்த அக்காவைப் பார்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தவன் நான். தவறான வார்த்தை ஒன்று வாயிலிருந்து விழுந்துவிட்டது, உண்மை. அதற்கு நான்கு வருடமா? என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றாலும்கூட, நேரே கேட்க மாட்டாய். ஊரார் முன்னால் ஒரு பெண்ணிடம் சொல்லியனுப்பிக் குத்திக்காட்டுவாய். அப்படி நினைத்தேன்.

"அவங்க வாயைத் தொறந்து சொல்லலைன்னா தகவல் தரலைன்னு எழுதிடு. நம்ம வேலை அதுதான்" என்றேன். அவள் எழுதினாள். மற்ற பத்துப் பேரும் உன்னையே காட்டியிருந்ததால் பதினொன்றுக்கும் அதே வரி. மூன்று மாதம் கழித்து அந்தப் படிவங்களில் நான் கையெழுத்துப் போட்டபோது கிடங்குத் திட்டம் அங்கேதான் வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்து இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதினேன். அடித்துவிட்டேன்.

கீரை விதை யோசனை உன் நிலத்துக்காக மட்டும் இல்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான்.

காரணம் தெரிந்தும் மறைத்த அதிகாரி என்று கூட்டத்தில் நானே சொன்னால் விசாரணை நிச்சயம். வேலை நிறுத்திவைக்கப்படும். போகவும் போகலாம். ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. பையன் படித்துக்கொண்டிருக்கிறான். சொல்லாவிட்டால் பதினொரு பேரின் வாய்மொழி ஒரு பக்கம், இரண்டு பருவப் படம் ஒரு பக்கம். படம்தான் ஜெயிக்கும். அங்கே முப்பது வருடம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

நான் சொல்லட்டுமா, அக்கா?

தம்பி

பிப்ரவரி 19

தம்பிக்கு,

சொல்.

பெரியக்கா கதவைச் சாத்தினாள் என்பதையும் சேர்த்துச் சொல். அதை விட்டுவிட்டால் நான் எழுந்து சொல்வேன்.

அக்கா

பிப்ரவரி 28

தம்பிக்கு,

கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய், நான் சுவரைப் பார்த்தேன். "எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தே சொல்லவில்லை. தப்பு என்னுடையது, அளவையாளருடையது அல்ல" என்று நீ சொன்னபோது அந்தப் பெண் உன்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கதவைச் சாத்தியதையும் சொன்னாய். கூட்டத் தலைவர், "அந்த அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார். எழுந்து நின்றேன். "சாத்தினது நான்தான்" என்றேன். "ஏன்மா?" என்றார். "திமிரு" என்றேன். கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு குடும்பத்தின் நிலத்தை அந்த ஒரு கதவுக்குப் பின்னால் நான் வைத்திருந்தேன் என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது.

தலைமடைக்காரர்கள் ஒன்பது பேர் எழுந்து தண்ணீர் முறையைச் சொன்னதும், மருத்துவமனைச் சமையல்காரம்மா பாலம் உடைந்த கதையைச் சொன்னதும் உதவியது. ஆனால் நீ பேசிய பிறகுதான் அந்த மேஜையில் இருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

உன் வேலையை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று மதகுக்காரர் சொன்னார். விசாரணை எப்போது என்று தெரியவில்லையாம். இதற்கு நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. எழுத வரவில்லை.

தீர்ப்பைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கீழ்மதகு ஒரு வருடத்துக்கு மூடப்படாது, அடுத்த விளைச்சலை அளந்து பார்த்து முடிவு செய்வார்கள். அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது. ஆகவே ஆக வேண்டியவற்றை எழுதுகிறேன். கொட்டகைக் கதவிலும் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறேன்.

மதகுக்காரர் ஏப்ரல் ஆறாம் தேதி கீழ்மதகைத் திறக்க வேண்டும். அதற்குள் தலைமடையில் கதிர் முற்றிவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு வர வேண்டும்.

ரேடியோவும் நான்காம் வயல்காரரும் வாய்க்காலில் தூர் வார வேண்டும். ரேடியோ பேசிக்கொண்டே வாரலாம், நிறுத்திவிட்டுப் பேசக் கூடாது.

ஏழாம் வயல்காரிக்கு விதைப் பயறு நான் தர வேண்டும். அவளுடையதில் வண்டு விழுந்திருக்கிறது. அவள் கேட்க மாட்டாள், நானே கொண்டுபோய்ப் போட வேண்டும்.

பதினொரு வீட்டுக்காரர்களும் இனி யார் வந்து எது கேட்டாலும் தங்கள் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும். பெரியக்காவைக் காட்டக் கூடாது. பெரியக்கா சாகப் போகிறவள்.

அளவைக்காரப் பெண் அறுவடைக்கு வர வேண்டும், படத்தோடு மட்டுமல்ல, மண்வெட்டியோடும். எங்கே தோண்ட வேண்டுமோ அங்கே தோண்டட்டும். ஓய்வு நிலத்துக்குப் படிவத்தில் ஒரு கட்டம் கேட்டு உங்கள் தலைமை அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். அதை எழுத வேண்டியவன் நீ. அவர்கள் மொழி உனக்குத்தான் தெரியும். அதில் என் கையெழுத்தை முதலில் போடுகிறேன்.

மன்னிப்புக் கேட்பது பாக்கி இருக்கிறது. இரண்டு பேருக்கும்தான். சின்னவன் முதலில்.

ஏப்ரல் பத்தாம் தேதி விதைப்பு. நம் வயலுக்கு ஓர் ஆள் குறைகிறது. வரிசையை விட்டு விலகாமல் நடக்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். கோடு போட்டே முப்பது வருடம் பிழைத்த ஒருவன் இப்போது சும்மா இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் காலை ஆறு மணிக்கு வரப்பில் நிற்க வேண்டும், செருப்பில்லாமல். பையைத் தூக்கிக்கொண்டே வரலாம்.

அக்கா